அந்தக் குட்டியின் அம்மா எங்கே?

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. குற்றாலம் பக்கமிருந்து சாரல் வருவதும் போவதுமாக இருக்கிறது. தென்காசியை அடுத்த ஒரு கிராமத்தில், மாட்டுக்குப் புல் அறுக்கக் கிளம்பிய ஆச்சியோடு பேரனும் ஒட்டிக்கொண்டான். நான்காம் வகுப்பு படிக்கிறவன். ஆச்சி வரப்போரம் குனிந்து அறுத்துக்கொண்டிருக்க, இவன் கடலைக் காட்டைச் சுற்றி வந்தான். கொஞ்ச நேரத்தில் சட்டையைக் கூட்டிப் பிடித்தபடி ஓடி வந்தான்.

“ஆச்சி, முயல்குட்டி ஆச்சி! பாவம், அதோட அம்மா விட்டுட்டுப் போயிட்டு.”

சட்டைக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்பு உருண்டை. உடம்பெல்லாம் முடி. கண் திறந்திருக்கிறது. ஓடப் பார்க்கவில்லை, சத்தம் போடவில்லை. காதை முதுகோடு ஒட்டி வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறது.

“எங்கலே எடுத்த?”

“அந்தா, அந்தப் புல்லுக்குள்ள. ஒத்தையில கெடந்துச்சு.”

“எடுத்த எடத்துலயே கொண்டு போய் வையி.”

“நாய் தூக்கிட்டுப் போயிரும் ஆச்சி. நம்ம வீட்ல வச்சு வளப்போம். பால் குடுப்போம்.”

“ஒன்ன வீட்ல விட்டுட்டு நான் வயலுக்கு வந்திருக்கேன்னு வையி. ஒத்தையில இருக்கான், பாவம்னு எவனாவது ஒன்னத் தூக்கிட்டுப் போனா சரியாலே?”

பையனுக்குப் பதில் வரவில்லை. ஆனால் காலை நகர்த்தவும் மனசு வரவில்லை.

இந்தக் காட்சி தென்காசியில் மட்டும் நடப்பதில்லை. முயல் வாழும் ஊர்களிலெல்லாம் யாராவது ஒருவர் வயலில் தனியாகக் கிடக்கும் குட்டியைப் பார்க்கிறார், அநாதை என்று நினைக்கிறார், இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வருகிறார். அதில் பெரும்பாலான குட்டிகள் அநாதை இல்லை. தூக்கி வந்த பிறகுதான் அநாதையாகின்றன.

தனியாக விடுவதுதான் பாதுகாப்பு

காட்டு முயல் வளை தோண்டாது. புல்லை அழுத்தி, உடம்பு பதியும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் செய்து அதில் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வீடு. கதவு கிடையாது, கூரை கிடையாது. குட்டியும் அப்படித் திறந்த வெளியில்தான் பிறக்கிறது. அதனால் பிறக்கும்போதே முழு முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கிறது.

தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? தாயின் வாடையைப் பிடித்துக்கொண்டு நரியும் காட்டுப்பூனையும் வந்துவிடும். குட்டியின் உடம்பிலோ வாடை மிகக் குறைவு. அசையாமல் கிடந்தால் இரண்டடி தூரத்தில் போகிறவர் கண்ணுக்கும் தெரியாது. ஆகவே தாய் குட்டிகளை ஆளுக்கொரு புதரில் கிடக்க விட்டுவிட்டு விலகி இருக்கிறது. ஒன்று மாட்டினாலும் மற்றவை பிழைக்கும்.

அப்படியானால் பால்? முயல்களில் அதிகம் ஆராயப்பட்டது ஐரோப்பியக் காட்டு முயல். அதன் தாய் பொழுது சாய்ந்த பிறகு வருகிறது. பிரிந்து கிடந்த குட்டிகள் ஒரே இடத்தில் கூடுகின்றன. சில நிமிடங்களில் பாலூட்டல் முடிந்துவிடும். பிறகு தாய் ஒரு பக்கம், குட்டிகள் ஒரு பக்கம். ஒரு நாளுக்குப் பெரும்பாலும் அந்த ஒரு வேளைதான். முயல் பால் கொழுப்பு மிகுந்தது என்பதால் அது போதும்.

பகல் முழுக்க வயலில் நின்று பார்த்தாலும் தாயைக் காண முடியாததற்குக் காரணம் இதுதான். அது விட்டுவிட்டுப் போகவில்லை. இருட்டுவதற்காகக் காத்திருக்கிறது.

ஒரே பெயர், இரண்டு விலங்கு

“கூண்டில் வளர்க்கும் முயல்குட்டி கண் மூடித்தானே பிறக்கிறது?” என்று வீட்டில் முயல் வளர்க்கிறவர்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அது வேறு விலங்கு.

தமிழில் இரண்டுக்கும் ‘முயல்’ என்ற ஒரே பெயர். அதனால் ஒன்றைப் பிடித்துக் கூண்டில் போட்டால் மற்றொன்றாகிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கூண்டில் இருக்கும் வெள்ளை முயல், சாம்பல் முயல், தொங்கு காது முயல் எல்லாமே ஐரோப்பியக் குழிமுயல் என்ற ஒரே இனத்தின் வாரிசுகள். அவற்றின் பூர்விகம் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வளர்க்கும் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ரகங்களும் அந்த வம்சம்தான். வளை தோண்டி, கூட்டமாக வாழும் குணம் அவற்றுக்கு. குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல், வளைக்குள் பிறக்கும். சினைக்காலம் ஒரு மாதம்தான்.

தென்காசிக் காட்டில் ஓடுவது இந்திய முயல். அறிவியல் பெயர் லெப்பஸ் நைக்ரிகாலிஸ். பின்பாதிக்குக் ‘கருங்கழுத்து’ என்று பொருள். பிடரியில் கறுப்புத் திட்டு, வாலின் மேல்புறம் கறுப்பு, அடிப்புறம் வெள்ளை. சினைக்காலம் நாற்பது நாளுக்கு மேல். கூடுதலாக வயிற்றில் இருந்த அந்த நாட்கள்தான் குட்டியைக் கண் திறந்து, முடி வளர்ந்து பிறக்க வைக்கின்றன.

குழிமுயலுக்கு 44 குரோமோசோம்கள். காட்டு முயல் வகைக்கு 48. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டாலும் குட்டி போடாது. முக்கியமாக, கூண்டு வாழ்க்கை காட்டு முயலுக்குப் பழகாது. மனிதர் கை பட்ட அதிர்ச்சியிலேயே செத்துப்போகும் அளவுக்கு மிரளும் விலங்கு அது. தப்பிக்கப் பாய்ந்து கம்பியில் மோதிக் காலை, முதுகை முறித்துக்கொள்ளும். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். பேரன் ஆசைப்பட்டது நடந்திருந்தால், புதன்கிழமைக்குள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிறு குழி தோண்ட வேண்டியிருந்திருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு. வளர்த்துச் சலித்துப்போன கூண்டு முயலைக் ‘காட்டில் விடுகிறேன், பிழைத்துக்கொள்ளட்டும்’ என்று குற்றாலம் மலையடிவாரத்தில் விடுவதும் தவறு. அது காடு அறியாதது. முதல் இரவிலேயே இரையாகும். ஒருவேளை பிழைத்துப் பெருகினால் இன்னும் மோசம். 1859-ல் ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர், வேட்டையாடி மகிழ்வதற்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்தார். வந்தவை வெறும் 24. அவை பெருகிக் கண்டத்தையே மொட்டையடித்தன. அந்த நாடு வேலி போட்டுப் பார்த்தது, நோய்க்கிருமியைப் பரப்பிப் பார்த்தது. இன்றும் தொல்லை தீரவில்லை.

எலிக்குச் சொந்தமா?

பல்லைப் பார்த்தால் எலிக்கும் முயலுக்கும் உறவு இருப்பதுபோலத் தோன்றும். முன்பல் நீளம், வாழ்நாள் முழுக்க வளரும், கொறித்துக்கொண்டே இருக்கும். விஞ்ஞானிகளும் நெடுங்காலம் முயலைக் கொறிவிலங்குக் கூட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். 1912-ல்தான் கிட்லி என்ற அமெரிக்க ஆய்வாளர், முயல்கள் தனி வரிசை என்று பிரித்துக் காட்டினார்.

வித்தியாசம் மேல்தாடையில் இருக்கிறது. முயலின் மேல் முன்பற்களுக்குப் பின்னால், ஒளிந்துகொண்டதுபோல இன்னொரு ஜோடி குட்டிப் பற்கள் உண்டு. எலிக்கும் அணிலுக்கும் அது கிடையாது. வீட்டில் கூண்டு முயல் இருந்தால் அடுத்த முறை கால்நடை மருத்துவரிடம் போகும்போது காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

குழந்தைகள் முகம் சுளித்துக்கொண்டே ரசிக்கும் இன்னொரு விஷயமும் இருக்கிறது. முயல் தன் புழுக்கையைத் தானே தின்னும். எல்லாப் புழுக்கையையும் அல்ல. வயலில் உருண்டையாகக் காய்ந்து கிடப்பது கழிவு. அதற்கு முன்னால் மென்மையான, ஈரமான இன்னொரு வகை வரும். அதை வெளியே விழ விடாமல் அப்படியே வாயில் எடுத்து விழுங்கிவிடும். மாட்டுக்கு நான்கு அறை வயிறு இருப்பதால் விழுங்கிய புல்லை மீண்டும் வாய்க்குக் கொண்டு வந்து அசை போட முடிகிறது. முயலுக்கு அந்த வசதி இல்லை. புல்லிலிருந்து முழுச் சத்தையும் எடுக்க, அதே புல்லை இரண்டாம் முறை குடலுக்குள் அனுப்புகிறது.

இமயத்தில் ஒரு சித்தப்பா, அசாமில் ஒரு பெரியம்மா

முயல் வரிசையில் இரண்டு குடும்பங்கள் இன்று உயிரோடு இருக்கின்றன. ஒன்று முயல் குடும்பம். அதில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள். மற்றொன்று பைக்கா குடும்பம். பைக்காவைப் பார்த்தால் முயல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வட்டக் காது, குட்டைக் கால், வால் வெளியே தெரியாது. பெருச்சாளிக் குட்டிக்குக் கம்பளிச் சட்டை போட்டதுபோல இருக்கும். இமயமலையில் பாறை இடுக்குகளில் வாழ்கிறது. பைக்காக்களில் சில வகை, குளிர்காலத்துக்காகப் புல்லை வெட்டி வந்து குவித்து, காயவைத்துச் சேமிக்கும். நம் ஊர் வைக்கோல் படப்பு போலத்தான். குளிருக்கே பழகிய உடம்பு என்பதால் வெயில் ஏற ஏற மலையில் இன்னும் மேலே போகிறது. உச்சிக்கு மேல் போக இடம் ஏது?

அசாமின் மானஸ் புல்வெளியிலும் இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியிலும் ஒரு சொந்தம் இருக்கிறது. சொரமுடி முயல் என்று சொல்லலாம். கரடுமுரடான முடி, சின்னக் காது, ஆள் உயரப் புல்லுக்குள் ஒளிந்து வாழும் குணம். அழிந்தே போயிற்று என்று நினைத்திருந்தபோது 1971-ல் அசாமில் மீண்டும் கண்ணில் பட்டது. இன்றும் அழியும் ஆபத்தில் உள்ள விலங்குகளின் பட்டியலில்தான் இருக்கிறது. புல்வெளிக்குத் தீ வைப்பதும், புல்வெளி வயலாவதும் அதற்குப் பெரிய எதிரிகள்.

லாவோஸ் நாட்டில் நடந்தது வேறு மாதிரி. 1990-களின் நடுவில் அங்கே ஒரு சந்தையில் இறைச்சிக்காக வைத்திருந்த முயல்களை ராப் டிம்மின்ஸ் என்ற உயிரியலாளர் பார்த்தார். உடம்பில் புலி போல வரிகள். உலகத்துக்கே அது புது இனம். 2000-ல் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தின்று பழகிய ஒரு விலங்கு, அறிவியலுக்கு அதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது.

அழிந்துபோன சொந்தங்களும் உண்டு. ஸ்பெயினை ஒட்டிய மினோர்கா தீவில், 30 முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் 12 கிலோ எடையுள்ள ஒரு முயல் வாழ்ந்தது. அதைப் பற்றிய ஆய்வு 2011-ல் வெளியானது. தீவில் அதைத் துரத்த எந்த விலங்கும் இல்லை. ஓட வேண்டிய தேவையே இல்லாததால் முதுகெலும்பின் வளைவுத்தன்மை போயிற்று. காது சுருங்கியது. கண் சிறுத்தது. முயல் என்றாலே துள்ளல் என்கிறோம், இந்த முயலுக்குத் துள்ளவே வராது. சார்டீனியா, கார்சிகா தீவுகளில் பைக்காவின் உறவு ஒன்று இருந்தது. மனிதர்கள் வேட்டையாடித் தின்ற அந்த விலங்கு இன்று எங்கேயும் இல்லை.

இந்தக் குடும்பக் கதையில் இந்தியாவுக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான் என்ற சுரங்கம். நெய்வேலியில் தோண்டுவதுபோலப் பழுப்பு நிலக்கரி தோண்டும் இடம். அங்கே கிடைத்த சில சிறு கணுக்கால், பாத எலும்புகளை இந்திய, வெளிநாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 5.3 கோடி ஆண்டுப் பழமை. அப்போதே அந்தக் கால் அமைப்பு பைக்காவைவிட இன்றைய முயலுக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது. இமயமலை முழுசாக எழும்புவதற்கு முன்பே இந்த மண்ணில் முயல் கால் பதிந்துவிட்டது.

தென்காசிக்கார முயல்

குற்றாலம் என்றால் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், மேலே செண்பகாதேவி, தேனருவி என்று தண்ணீரும் அடர்ந்த காடும்தான் நினைவுக்கு வரும். முயல் தேடி அங்கே போக வேண்டாம். அடர்ந்த மழைக்காடு முயலுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. அதற்குத் தேவை புல், புதர், ஓட வெளி. மலை முடிந்து வயல் தொடங்குகிற பகுதிதான் அதன் ஊர். கடையம் முதல் கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி வரை மலையடிவாரத்தை ஒட்டிய முள்காடும் எலுமிச்சைத் தோப்பும், சுரண்டை, ஆலங்குளம் பக்கத்து மானாவாரிக் காடும், ஆடியில் ஆட்கள் போட்டோ எடுக்கக் குவியும் சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களும் முயலுக்கு ஏற்ற நிலம்.

2015-ல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காடும் தொடுகிறது. காட்டுக்குள் இருக்கும் விலங்குக்கு எல்லைக்கல் பாதுகாப்பு தருகிறது. முயலோ பெரும்பாலும் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம், விவசாயியின் நிலத்தில் குடியிருக்கிறது. அதைக் காப்பதும் அழிப்பதும் ஊர்க்காரர் கையில்தான்.

சிறுத்தைக்கு மானும் பன்றியும் கிடைக்காத இரவில் முயல்தான் சாப்பாடு. நரி, காட்டுப்பூனை, மலைப்பாம்பு, கழுகு, பெரிய ஆந்தை என்று முயலை நம்பி வாழும் பட்டியல் நீளம். அடிவாரத்தில் முயல் இல்லாமல் போனால், அந்தப் பசி கோழிக்கூண்டுக்கும் ஆட்டுப்பட்டிக்கும் இறங்கி வரும்.

கடலைச் செடி, பயறுத் துளிர், கீரை என்று முயல் கடிப்பதும் உண்மைதான். விவசாயிக்கு அதனால் கோபம் வருவதும் நியாயம். ஆனால் ஒரே இரவில் வயலையே உழுதுபோடும் பன்றியோடு ஒப்பிட்டால் முயல் தின்பது சொற்பம். பன்றிக்கென்று திருட்டுத்தனமாக இழுக்கும் மின்கம்பியிலும், போடும் சுருக்கிலும் முயலும் சேர்ந்தே மாட்டுகிறது. மனிதர்களும் மாட்டுகிறார்கள்.

தான் பிடித்த முயல்

“தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்” என்று பிடிவாதக்காரரைச் சொல்வோம். அந்தப் பழமொழிக்குள் முயல் பிடிப்பது எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதும் ஒளிந்திருக்கிறது. திருக்குறளிலும் வேட்டை முயல் வருகிறது. படைச்செருக்கு அதிகாரத்தில், காட்டு முயலைக் குறி தவறாமல் அடித்த அம்பைவிட, யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவது மேல் என்கிறார் வள்ளுவர். எளிதாகக் கொல்லக்கூடியதைக் கொல்வதில் வீரம் இல்லை என்ற கருத்து அப்போதே இருந்திருக்கிறது.

தென் மாவட்டங்களில் சிப்பிப்பாறை, கன்னி நாய்களை முயல் வேட்டைக்கென்றே வளர்த்தார்கள். ஒல்லி உடம்பு, நீண்ட கால், காற்றாய்ப் பறக்கும் வேகம். முயல் நேராக ஓடினால் தோற்றுவிடும். சட்டென்று திசை மாற்றி வளைந்து வளைந்து ஓடுவதுதான் அது பிழைக்கும் வழி. அந்த வேட்டையில் முயலுக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது. இன்று நெற்றியில் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், கண் கூசி அப்படியே நிற்கும் முயலை அடிக்கிறார்கள். அதில் முயலுக்கு எந்த வாய்ப்பும் இல்லை.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வேட்டையாடுவது, பிடிப்பது, கறியை வைத்திருப்பது, விற்பது, வீட்டில் வளர்ப்பது எல்லாம் குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. பொங்கலையொட்டிச் சில மாவட்டங்களில் முயல் வேட்டைக்குக் கிளம்பும் பழக்கம் இன்னும் விடவில்லை. வனத்துறையும் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பிடித்த முயலைத் தூக்கிப் பிடித்து போட்டோ எடுத்து, தாங்களே வாட்ஸ்அப்பில் போட்டு மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. கறி சாப்பிட விரும்புகிறவர்களுக்குப் பண்ணை முயல் இருக்கிறது. அது வேறு விலங்கு, அதற்குத் தடை இல்லை.

முயல் ரத்தம் கலந்த எண்ணெய் தேய்த்தால் வழுக்கையிலும் முடி வளரும் என்று விற்கிறார்களே, அது? முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேர்க்காலில். அங்கே போகும் ஊட்டம் நம் சொந்த ரத்தத்திலிருந்து வருகிறது. தலைக்கு மேலே தேய்க்கும் வேறொரு விலங்கின் ரத்தம் அந்த வேலையைச் செய்யாது. அந்த பாட்டிலுக்குக் கொடுக்கும் காசை இரும்புச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாட்டுக்குச் செலவழித்தால் முடிக்கும் நல்லது, முயலுக்கும் நல்லது.

குட்டியைக் கண்டால் என்ன செய்வது?

முதலில், தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். கண் திறந்து, முடியோடு, காயம் இல்லாமல் அசையாமல் கிடந்தால் அது நலமாக இருக்கிறது. வந்த வழியே திரும்பிவிடுங்கள். சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்தால், காகமும் நாயும் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வரும்.

ஏற்கெனவே தூக்கிவிட்டீர்களா? மனித வாடை பட்டதால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயந்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். கையில் கொஞ்சம் புல்லைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு, எடுத்த அதே இடத்தில், இருட்டுவதற்குள் வைத்துவிடுங்கள். தாய் தேடி வருவது அந்த இடத்துக்குத்தான். உழவோ அறுப்போ நடக்கிற வயல் என்றால் பக்கத்து வரப்புப் புதரடியில், சில அடி தூரத்துக்குள் வைக்கலாம்.

பால், தண்ணீர், கேரட் எதையும் ஊட்ட வேண்டாம். வளர்ப்பு நாய் இருந்தால் அன்று இரவு கட்டிப் போடுங்கள்.

காயம் பட்டிருந்தால், நாய் கவ்வியிருந்தால், தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும், காற்றுப் போகும் அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து இருட்டாக வைத்துவிட்டு, அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். குற்றாலம், கடையநல்லூர், சிவகிரி, கடையம் எனப் பல இடங்களில் அலுவலகம் இருக்கிறது.

புல் அறுக்கும் இயந்திரம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அசையாமல் கிடப்பதுதான் குட்டியின் தற்காப்பு. இயந்திரச் சத்தம் கேட்டாலும் அது ஓடாது. அறுக்கும் முன் ஒரு முறை வயலுக்குள் நடந்து பார்ப்பதும், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி அறுப்பதும் பெரிய முயல் ஓடித் தப்பிக்க வழி விடும். குட்டி கிடந்தாலும் நடக்கும்போது கண்ணில் பட்டுவிடும்.

மறுநாள் காலை

அந்த ஞாயிற்றுக்கிழமை பேரன் கடைசியில் ஒப்புக்கொண்டான். ஆச்சி பக்கத்தில் நிற்க, குட்டியைப் புல் பள்ளத்தில் வைத்தான். அது அசையவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் கேட்டான்.

“ஒனக்கு எப்படித் தெரியும் ஆச்சி, அம்மா வரும்னு?”

ஆச்சி கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள்.

“ஒங்க தாத்தா அந்தக் காலத்துல நாயக் கூட்டிக்கிட்டு முயலுக்குப் போவாரு. எல்லாரும் போவாவ. ஒரு நா கொண்டாந்த முயலு உசிரோட இருந்துச்சு. முயலு சத்தமே போடாதுன்னு நெனச்சுருந்தேன். கழுத்தப் பிடிக்கையில கத்துச்சு பாரு, பச்சப்புள்ள அழுத மாரி. மடியப் பாத்தா பால் கட்டியிருக்கு. அன்னைக்கு ராத்திரி எந்தக் காட்டுல எத்தன குட்டி காத்துக் கெடந்துச்சோ! அதுக்கப்புறம் ஒங்க தாத்தா போகல. நானும் அந்தக் கறியத் தொடல.”

முயல் வாழ்நாளில் வாய் திறப்பது அபூர்வம். உயிர் போகிற நேரத்தில்தான் அப்படி அலறும். அதைக் கேட்டவர்கள் மறப்பதில்லை.

இரவு முழுக்கச் சாரல் அடித்தது. திங்கள்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் முன் பேரன் வயலுக்கு ஓடினான். புல் பள்ளம் காலியாக இருந்தது. ரத்தம் இல்லை, பிய்ந்த முடி இல்லை. பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி, ஈர மண்ணில் பெரிய கால் தடம் ஒன்றும், அதையொட்டிச் சின்னத் தடங்கள் சிலவும் இருந்தன. கடலைக் காட்டு வரப்பைத் தாண்டி, மலைப் பக்கமாகப் போயிருந்தன.

அவன் சட்டைப் பையில் ஆச்சிக்குத் தெரியாமல் எடுத்து வந்த ஒரு கேரட் துண்டு இருந்தது. அதைத் தானே கடித்துக்கொண்டு பள்ளிக்கூட வேனைப் பிடிக்க ஓடினான்.

(அடுத்த வாரம்: மலை அணில்)